மூன்றாவது தண்ணீர்

தம்பி,

இந்தத் தாள்களை உன் மேஜையில் லேப்டாப்புக்கு அடியில் செருகி வைக்கப் போகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே குக்கரில் வெந்த சோற்றைத் தின்றுகொண்டு, அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய். சிரி. வியாழக்கிழமையிலிருந்து உன்னிடம் பேச நாலு முறை வந்தேன். முதல் முறை நீ போனில் இருந்தாய். இரண்டாம் முறை நீ போனில் இல்லை, ஆனால் உன் அறை ஃபேன் சத்தம் போடுகிறது என்று சொல்லிவிட்டு நான் ஸ்டூலைத் தேடப் போய்விட்டேன். மூன்றாம் முறை நீயே "என்னப்பா, ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாய். மோட்டார் போட்டுவிட்டு அணைக்காமல் வந்துவிட்டேன் என்று சொல்லி ஓடினேன். அன்றைக்கு மோட்டாரே போடவில்லை. நாலாவது முறை உன் கதவு வரைக்கும் வந்து திரும்பிவிட்டேன், அது உனக்குத் தெரியாது. எழுதும்போதும் எழுந்து எழுந்துதான் போகிறேன், ஆனால் தாள் வைத்த இடத்திலேயே இருக்கிறது, திரும்ப வந்து உட்கார முடிகிறது.

என் கால் ஓரிடத்தில் தரிக்காது என்பது உனக்குத் தெரிந்த கதைதான். பெண் பார்க்கப் போன அன்று அவர்கள் வீட்டில் காபி வருவதற்குள் நான் மூன்று முறை எழுந்துவிட்டேன் என்று நீ இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாய். கடைசியில் என்னைத் தேடிக்கொண்டு உன் வருங்கால மாமனார் கொல்லைப்புறத்துக்கு வந்தபோது நான் அவர்கள் சம்ப்பின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சம்பந்தி, தண்ணி டேங்க் பார்க்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?" என்று அந்த நல்ல மனிதர் கேட்டார். பட்டாபிராமிலிருந்து அம்பத்தூருக்கு இத்தனை வருடம் ரயிலில் போய்வந்தேனே, காலியான பெட்டியிலும் வாசலில் நின்றுகொண்டுதான் போவேன். சினிமாவில் இடைவேளைக்கு முன்னாலேயே இரண்டு முறை வெளியே போய்வருவேன். இதையெல்லாம் நீ வேடிக்கையாக எடுத்துக்கொண்டாய், உன் அம்மா தலையெழுத்தாக எடுத்துக்கொண்டாள். இந்தக் கால் ஒரு மனிதனுக்கு என்ன செய்தது என்பதை நேற்று வரை நான் உங்கள் இரண்டு பேருக்குமே சொன்னதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஹாலில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாய். அம்மா ஆவடி சொந்தம், திருநின்றவூர் சொந்தம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "உங்க ஆபீஸ் ஆளுங்கப்பா?" என்று கேட்டாய். என் வாயிலிருந்து முதலில் வந்த பெயர் காதர் பாய். நீ அதை லேப்டாப்பில் தட்டினாய், பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தாய். "யாரு, அன்னைக்கு ஆசிட்டை ஊத்தினாரே, அவரா? அவரால தானப்பா உனக்கு நெஞ்சு இப்படி ஆச்சு? அவரை எதுக்குக் கூப்பிடணும்?" என்று சொல்லி அந்தப் பெயரை அழித்தாய். அழித்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாய். பாதுகாப்பு வார விழா மேடையில் எனக்குச் சால்வை போர்த்துகிற போட்டோ. "ரிசப்ஷன்ல பெரிய ஸ்கிரீன்ல இதுதான் ஃபர்ஸ்ட் வரும். உயிரைக் காப்பாத்தினவர்ப்பா நீ. மாஸ்!" என்றாய். நான் என்ன செய்தேன்? "டீ இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனேன். எனக்கு எப்போதும் டீதான் வழி காட்டியிருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

நான் செய்த வேலை என்ன என்று உனக்குச் சரியாகத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கேட்டால் 'வாட்டர் பிளான்ட்' என்று சொல்லச் சொன்னவன் நான்தான். அது கழிவுநீர். அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள நாலைந்து கம்பெனிகளின் கேன்டீன் தண்ணீர், கக்கூஸ் தண்ணீர் எல்லாம் எங்கள் தொட்டிக்கு வரும். அதைச் சுத்தம் செய்தபின் அடியில் கருப்பாக ஒரு கூழ் மிஞ்சும், ஸ்லட்ஜ் என்போம். அந்தக் கூழிலிருந்து தண்ணீரை மட்டும் உறிஞ்சி எடுப்பதற்கு ஒரு தொட்டியில் மெம்பரேன் பிளேட்டுகள் வரிசையாக நிற்கும். புத்தகங்களை நெருக்கமாக அடுக்கிய மாதிரி இருக்கும், நடுவில் விரல் நுழைகிற இடைவெளிதான். ஒவ்வொரு பிளேட்டின் மேலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ள மெல்லிய தோல். பம்ப் இழுக்கும்போது தண்ணீர் தோலுக்குள் போகும், கூழ் வெளியே நின்றுவிடும். நாளாக ஆகக் கூழ் தோலில் ஒட்டும், துளை அடைபடும், பம்ப் பக்கத்தில் இழுப்பைக் காட்டுகிற கேஜில் முள் ஏறும். முள் ஏறினால் பிளேட்டுகளைச் செயின் பிளாக்கில் தூக்கித் தனித்தொட்டியில் இறக்கிக் கழுவ வேண்டும். ஒன்றரை நாள் வேலை. அதற்குப் பயந்து ஆபரேட்டர்கள் செய்கிற ஒரு திருட்டு வேலை உண்டு. வால்வை இன்னும் கொஞ்சம் திறந்து இழுப்பைக் கூட்டிவிடுவது. அன்றைக்கு வர வேண்டிய தண்ணீர் வந்துவிடும். ஆனால் கூழ் இன்னும் இறுகி, இடைவெளியில் களிமண் மாதிரி அடைத்துக்கொள்ளும்.

காதர் பாய்க்கு அது பிடிக்காது. அவரும் நானும் ஒரே தொட்டியில் அடுத்தடுத்த ஷிப்டு. காலை ஆறு முதல் இரண்டு வரை நான், இரண்டு மணிக்கு அவர். பூந்தமல்லிக்காரர், அதற்கு முன்னால் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தவர். பிளக்ஸ் பேனர் வந்தபின் அந்தத் தொழில் படுத்து, எங்களோடு வந்து சேர்ந்தார். நான் திறந்து வைத்த வால்வைப் பார்த்தால் கத்துவார். "இன்னா நைனா, மூச்சு முட்டிகினு கீறவன் மூக்கைப் புடிச்சி இன்னும் இழுக்கிறியே, நியாயமா இது?" என்பார். நான் "நாளைக்குப் பார்த்துக்கலாம் பாய்" என்பேன். அந்த முறை மூன்று வாரம் நாளைக்கு நாளைக்கு என்று ஓட்டினேன். வீட்டிலும் நான் அப்படித்தான் இருந்தேன் என்பதை இப்போது யோசிக்கிறேன். உன் அம்மா ஏதோ மனத்தாங்கலில் பேச்சைக் குறைத்தால் நான் கேள்வியைக் கூட்டுவேன். என்ன ஆச்சு, என்ன ஆச்சு, சொல்லு, இப்பவே சொல்லு என்று விரட்டுவேன். அவள் இன்னும் இறுகிப் போவாள். நீ உன் மனைவியிடம் அதைச் செய்யாதே. உனக்கும் என் அவசரம் கொஞ்சம் இருக்கிறது, லிஃப்ட் பட்டனை நாலு முறை அழுத்துகிற ஆள் நீ.

கழுவுகிற முறை இது. முதலில் ஹைப்போ, அதாவது ப்ளீச்சிங் தண்ணீர் மாதிரி ஒன்று. அதில் பிளேட்டுகளை ஊறப்போட்டால் அழுக்கு, வழுவழுப்பு எல்லாம் விடும். பிறகு ஆசிட். உப்புப் படிவு அதற்குத்தான் விடும். ஹைப்போவும் ஆசிடும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது. பார்த்தால் குளோரின் வாயு கிளம்பும், ஆளைக் கொல்லும். அதனால் நடுவில் மூன்று தண்ணீர். ஊற்றி வடி, ஊற்றி வடி, மூன்றாவது தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரம் அப்படியே நிற்க விடு. பிளேட்டுகளுக்கு நடுவே அடைத்திருக்கிற கூழில் ஊறிப்போன ஹைப்போ மெதுவாகத்தான் வெளியே வரும், அதற்குத்தான் அந்த ஒரு மணி நேரம். அது முடிந்தபின் கொஞ்சம் தண்ணீரை எடுத்து இரண்டு சொட்டு டெஸ்ட் மருந்து விடு. மஞ்சளானால் ஹைப்போ இன்னும் இருக்கிறது, திரும்பக் கழுவு. மஞ்சளாகவில்லை என்றால் மூடியைத் திருப்பு. அந்த மூடி பாயின் ஏற்பாடு. பெயின்ட் டப்பா மூடி ஒன்றை எடுத்து ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் பச்சை அடித்து, தொட்டிக் கம்பியில் ஒயரில் தொங்கவிட்டிருந்தார். சிவப்பு தெரிந்தால் ஹைப்போ இருக்கிறது, பச்சை தெரிந்தால் ஆசிட் ஊற்றலாம். ஷிப்டு மாறும்போது இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளாமலே போனாலும் மூடி சொல்லிவிடும். திருப்புகிறவன் நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்களுக்குள் சட்டம்.

அன்றைக்கு நான் முதல் தண்ணீர் ஊற்றினேன், வடித்தேன். இரண்டாவதும் ஊற்றினேன், வடித்தேன். மூன்றாவது ஊற்றும்போது மணி ஒன்று இருக்கும். தண்ணீர் பளிங்காக இருந்தது. ஒரு மணி நேரம் அந்த ஷெட்டில், அந்த நாற்றத்தில், சும்மா நிற்க வேண்டும் என்று நினைத்தபோதே காலுக்குள் ஏதோ ஊர்வது போல இருந்தது. உடனே இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். மஞ்சளாகவில்லை. எப்படி ஆகும்? கூழுக்குள் இருந்தது இன்னும் வெளியே வரவே இல்லையே. அதைக் கழுவிய எனக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் தண்ணீரை வடித்துவிட்டு, மூடியைத் திருப்பிப் பச்சையாக்கினேன். நோட்டை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுக் கேட்டுக்கு வெளியே போனேன்.

எங்கே போனேன் என்று பல வருடங்களாக எனக்கு நானே ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். நீ அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். உன் பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டம், அதற்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன் என்பது அந்தக் கதை. உன் அம்மாவிடம்கூட ஒரு முறை அப்படிச் சொன்னேன். அது பொய், தம்பி. அந்தக் கூட்டம் வேறு ஒரு நாள். உன்னால் நடந்தது என்று நீ ஒரு நொடிகூட நினைக்கக் கூடாது. நான் போனது டீக்கடைக்கு. கேட்டுக்கு எதிரே இருந்த கடை. டீ குடித்துவிட்டு, லேத் ஒர்க்ஷாப் ஆள் ஒருவரோடு கிரிக்கெட் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு, இரண்டாவது டீயும் குடித்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க முடியாத அந்த ஒரு மணி நேரத்தையும் டீக்கடையில் நின்றுதான் கழித்தேன்.

பாய் இரண்டு மணிக்கு உள்ளே போனதைப் பார்த்தேன். கையைக்கூட ஆட்டினேன். அவர் மூடியைப் பார்த்திருக்கிறார், பச்சை. தண்ணீர் நிரப்பி, அளவு பார்த்து ஆசிட் ஊற்றிவிட்டு, பிளேட்டுகள் நன்றாக முங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்திருக்கிறார். அடைப்பில் இருந்த ஹைப்போ அப்போதுதான் வெளியே வந்தது. எனக்கு முதலில் ஒரு இருமல் சத்தம் கேட்டது, பிறகு வாட்ச்மேன் கத்தினார். டீக்கடைக் குடத்தில் துண்டை முக்கி முகத்தில் கட்டிக்கொண்டு நான்தான் முதலில் உள்ளே போனேன். அவர் கம்பியைப் பிடித்தபடி மடிந்து கிடந்தார், பக்கத்தில் பச்சை மூடி ஆடிக்கொண்டிருந்தது. கக்கத்தில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு வந்தேன். அதில் பொய்யில்லை. என் நெஞ்சுக்குள் போனதும் அப்போதுதான். ஒவ்வொரு மார்கழியிலும் நான் இருமுகிறேனே, அது அந்த அஞ்சு நிமிடத்தின் பாக்கி. பாய்க்கு அது பன்னிரண்டு மாதமும் உண்டு.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "மூடியைத் திருப்பினது யாருப்பா? நோட்ல ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். பாய் ஆஸ்பத்திரியில் பேச முடியாமல் கிடந்தார். நான் "நான் கிளம்பும்போது சிவப்பாதான் இருந்துச்சு சார்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. ஏன் சொன்னேன் என்று கேட்டால், பயம். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆபரேட்டர் கவனக்குறைவு என்று எழுதினார்கள், பாயை அதற்கப்புறம் வேலைக்கு எடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அன்று கைதட்டல் நிற்கும்வரை கூட என்னால் மேடையில் நிற்க முடியவில்லை, பாதியில் இறங்கிவிட்டேன். எல்லாரும் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். ஏழாவதில் மாறுவேடப் போட்டிக்கு ராஜா வேடம் போட்டாய். அம்மா பீரோவிலிருந்து அந்தச் சால்வையை எடுத்து உன் தோளில் போட்டுவிட்டாள். நீ கண்ணாடி முன்னால் நின்று "நான்தான் இந்த நாட்டின் மன்னன்" என்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தாய். நான் ஷிப்டு முடித்து உள்ளே வந்தவன் அதை உருவி எறிந்துவிட்டு உன்னை அடித்தேன். அட்டைக் கிரீடம் கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிற்று. விருதை அழுக்காக்கிவிட்டான் என்று அப்பாவுக்குக் கோபம் போல என்று நினைத்து நீ அழுதுகொண்டே என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளை, நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். அந்தச் சால்வையை யார் தோளிலும் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, அதுதான் காரணம். அந்த அடிக்கு நான் இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். ரொம்பத் தாமதம், தெரியும்.

பாயை நான் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தரம் போனேன். பேச்சு வராமல் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, உனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கையாலேயே கேட்டார். அதற்கப்புறம் போக முடியவில்லை. குமணன்சாவடியில் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் ஸ்டிக்கர் ஒட்டுகிற கடை வைத்திருக்கிறார் என்று தெரியும். அந்தப் பக்கம் போனால் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வருவேன். பிளான்டில் மட்டும் ஆள் மாறிவிட்டேன். சூப்பர்வைசர் ஆனபின் மூன்றாவது தண்ணீருக்கு ஒரு நிமிடம் குறைந்தாலும் விடமாட்டேன், தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ரிடையர் ஆகும்போது அதைச் சொல்லிப் பாராட்டினார்கள். இப்போது வீட்டில் சும்மா இருக்கிற இந்த ஒரு வருடமாகத்தான் அது என்னைப் போட்டுப் படுத்துகிறது. இதற்கு நடுவில்தான் நீ அந்தப் பெயரை அழித்தாய்.

வியாழக்கிழமை பூந்தமல்லி சொந்தத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனேன் இல்லையா? திரும்பும்போது குமணன்சாவடியிலேயே இறங்கினேன். கடைக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். அந்த முனை வரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் நடந்தேன். கடையிலிருந்து ஒரு குரல். "இன்னா நைனா, மூணு வாட்டி போய்ட்டுப் போய்ட்டு வந்துகினு கீறே? வெயில்ல மண்டை காயுது, உள்ள வா." குரல் பாதிதான் இருந்தது, மீதி காற்று. தாடி முழுக்க வெளுத்துவிட்டது. ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். நான் உட்காரவில்லை. "பாய், அன்னைக்கு மூடியைத் திருப்பினது நான்தான்" என்றேன், எடுத்த எடுப்பில்.

அவர் ஒரு ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். "நான் திருப்பல. அப்போ நீதானே திருப்பிகீணும்? பேயா வந்து திருப்பிச்சி?" என்றார். "சிவப்பா இருந்திச்சின்னு நீ சொன்னதும் தெரியும். புள்ளகுட்டிக்காரன், பயந்துட்டான்னு நெனச்சிக்கினேன். அது போவட்டும். எனுக்கு ஒரே ஒரு விசயம்தான் நைனா. மூணாவது தண்ணி ஊத்தினியா?"

"ஊத்தினேன் பாய். நிக்க வைக்கலை."

"எத்தினி நேரம் கொறைஞ்சிச்சி?"

"நிக்கவே வைக்கலை."

அவர் கை நின்றுவிட்டது. "நீ டெஸ்ட்டு பண்ணாம திருப்ப மாட்டே, ஒழுங்காத்தான் கழுவியிருப்பே, அப்போ நான்தான் ஆசிட்டை அளவு தப்பா ஊத்திட்டேன்னு இத்தினி வருசம் நெனச்சிகினு கீறேன் நைனா. ராவும் பகலும் அந்த ஆசிட் மக்கை மனசுல அளந்து அளந்து பாத்துகினே கீறேன்" என்றார். தம்பி, எனக்கு அந்த இடத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. வேலை போனது, நெஞ்சு போனது எல்லாம் எனக்குத் தெரியும். அவர் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு வாழ்ந்தார் என்பது எனக்குத் தெரியாது. என்மேல் வைத்த நம்பிக்கையால் அப்படி வாழ்ந்திருக்கிறார்.

"அந்த ஒரு மணி நேரம் நீ எங்கதான் போய்ட்டே?" என்று கேட்டார். "டீக்கடையில இருந்தேன்" என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். "டீக்கடையிலயா? கையை ஆட்டினியே, அப்பவா?" என்று சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். அந்த இருமல் அடங்கும்வரை நின்றது என் வாழ்க்கையிலேயே நான் நின்ற நேரங்களில் பெரிய நேரம்.

பையிலிருந்து பத்திரிகையை எடுத்தேன். அவர் வாங்கவில்லை. "லிஸ்ட்டுல என் பேரு கீதா, இல்லியா?" என்று கேட்டார். இனி எதை மறைப்பது? நீ அழித்ததைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "நல்ல புள்ள. அப்பன் நெஞ்சைக் கெடுத்தவனை எவன் கூப்புடுவான்? அவனாண்ட நெஜத்தைச் சொல்லு. கேட்டுட்டு அவனா வந்து குடுத்தான்னா, ஊட்டோட வர்றேன். நீ குடுத்தா வேணாம் நைனா" என்றார். நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துவிட்டேன், அப்போதும் பின்னாலிருந்து, "புள்ளைக்கு என் சலாம் சொல்லு" என்று அந்தப் பாதிக் குரல் வந்தது.

நேற்று அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். கறிவேப்பிலையை உருவிக்கொண்டே கேட்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. உருவி முடித்துக் காம்புகளை ஒதுக்கிவிட்டு, "பாய்க்குப் படி ஏற முடியுமா? மண்டபம் மாடியில இருக்கு, லிஃப்ட் வேலை செய்யுதான்னு கேளுங்க" என்றாள். இன்று காலையிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கேள்வி கேட்டு விரட்டவும் இல்லை. அந்த அளவுக்காவது கற்றுக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் நான் கேட்பது இரண்டுதான். அந்த போட்டோவை எடுத்துவிடு. அதற்குப் பதிலாக எதை வேண்டுமானாலும் போடு, சம்ப்பை எட்டிப் பார்த்த கதையைப் படமாக வரைந்துகூடப் போடு. இரண்டாவது, உன் மேஜையில் இந்தக் கடிதத்தோடு ஒரு பத்திரிகை வைத்திருக்கிறேன், மூலையில் மஞ்சள் தடவியாயிற்று. உறைமேல் பெயர் எழுதவில்லை. அதை எழுதுவதும் எழுதாததும் உன் விருப்பம். எழுதினால் உன்கூட நானும் வருகிறேன், கடைக்குள் வராமல் வெளியே நில் என்று சொன்னால் வெளியே நிற்கிறேன். என்மேல் கோபம் வந்தால் என்னிடம் கத்து. நியாயமான கோபம், கத்தத்தான் வேண்டும். என்னைப் போலப் பேசாமல் அடைத்து மட்டும் வைத்துக்கொள்ளாதே. பன்னிரண்டு நாளில் உன் வீட்டுக்கு ஒரு பெண் வரப்போகிறாள். எந்தச் சின்னத் தப்பானாலும் அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுகிற ஆளாக இரு. மறுநாள் எழுதிக்கொள்ளலாம் என்று நோட்டை மூடாதே.

நீ இப்போது குளித்துக்கொண்டிருக்கிறாய், தண்ணீர் சத்தம் கேட்கிறது. இதை வைத்துவிட்டு நான் வாசலுக்குப் போகிறேன், மல்லிச் செடிக்குப் பக்கத்தில் கிடக்கிற நீல நாற்காலியில் இருப்பேன். நீ மெதுவாகப் படி. இரண்டாம் தரமும் படி. ஒரு மணி நேரம் எடுத்துக்கொள். போன் வந்தாலும், பால்காரர் வந்தாலும், தொட்டி நிரம்பி வழிந்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன். டீ வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ வெளியே வரும்போது நான் உட்கார்ந்துதான் இருப்பேன்.

அப்பா